இரண்டு மில்லி சரக்கு

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இம்மருத்துவமனையின் தாய்-சேய் ஊட்டப் பிணைப்பு மேம்பாட்டு உயர்மட்டக் குழு, தனது பதினொன்றாவது கூட்டத்தில், பிஸ்கட் பரிமாறப்பட்ட பின்னர், தீவிர சிகிச்சைப் பிரிவின் நான்காம் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்குப் பால் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஆகையால், மறுநாள் காலை எட்டு மணி முதல், பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் அந்தக் கட்டிலுக்குப் போய்வருவது நிறுத்தப்படும். குழந்தைக்குப் பவுடர் பால் தொடங்கப்படும். கையொப்பம், முத்திரை, நகல் ஆறு பேருக்கு. அந்த ஆறு பேரில் தாய் இல்லை. கூட்ட அறையிலிருந்து அவளுடைய கட்டில் ஒரே ஒரு மாடி கீழே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவள் குழு உறுப்பினர் இல்லையே, எப்படிக் கேட்பது?

அவள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரத்தில், லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்ப்பவள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஜல்லி லாரி, சிமெண்ட் லாரி, மர லாரி என்று வரிசையாக ஏறி இறங்குவதைப் பார்த்து, சீட்டு அடித்து, முத்திரை குத்திக் கொடுப்பாள். கணவனையும் அந்த மேடையில்தான் பிடித்தாள். சிமெண்ட் லாரி ஓட்டி வந்தவனிடம், "அளவுக்கு மேல ஏத்தியிருக்கீங்க, ஓரமா நிறுத்துங்க" என்று அவள் சொன்னதுதான் அவர்களுடைய முதல் காதல் வசனம். அவன் ஓரமாக நிறுத்தியவன்தான், ஆறு வருஷமாகிறது.

எட்டாவது மாதத் தொடக்கத்தில் அவளுக்கு இரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறி, வலிப்பு வந்து, அவசரமாக அறுத்துக் குழந்தையை வெளியே எடுத்தார்கள். நிறைய இரத்தம் போயிற்று. பெண் குழந்தை, ஆயிரத்து நானூற்று இருபது கிராம். தாய் பழைய கட்டடத்தில் முதல் மாடி. குழந்தை புதிய கட்டடத்தில் மூன்றாம் மாடி, கண்ணாடிப் பெட்டிக்குள். நடுவில் ஒரு முற்றம், ஒரு ஜெனரேட்டர், மனசு வந்தால் மட்டும் திறக்கிற ஒரு லிஃப்ட். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அடி என்று கணவன் எண்ணி வைத்திருந்தான். ஓட்டுநர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு.

தாய் குழந்தையைப் பார்க்கவில்லை. கணவனின் கைபேசியில் ஒரு படம் பார்த்தாள். அதில் பாதி, படம் எடுத்தவனின் கட்டைவிரல்.

"எப்படிங்க இருக்கா?"

"யாரு, நம்ம கிளீனரா? வண்டிக்குள்ள படுத்துத் தூங்கறா. பொறுப்பே இல்ல."

அறுவை முடிந்து ஆறு மணி நேரத்தில், மாலை நாலு மணிக்கு, ஒரு நர்ஸ் வந்து நின்றார். கையில் ஒரு ஸ்பூன், ஊசி மாட்டாத ஒரு சின்ன சிரிஞ்ச், ஒரு வெந்நீர்த் துணி. குழந்தைகள் பிரிவில் அவருக்குச் சொட்டு சிஸ்டர் என்று பெயர். முதலில் கேலியாக வைத்தது. பிறகு கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. தாயின் மருந்துச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அங்கிருந்த டாக்டரிடம் ஒவ்வொரு மருந்தாக விரலை வைத்து, "இது பால்ல போனா பரவாயில்லையா? இது?" என்று கேட்டு முடித்த பிறகுதான் கட்டிலுக்கே வந்தார்.

"கை ஜில்லுனு இருக்கும். திட்டாதீங்க."

"திட்டறதுக்குத் தெம்பில்ல சிஸ்டர்."

"நாளைக்கு வந்துடும், அப்போ சேர்த்துத் திட்டுங்க."

தாயின் ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கை நடுங்கியது. சிஸ்டரே மெல்லத் தடவிக் கொடுத்து, விரல்களால் அழுத்தி அழுத்தி விட்டார். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடம் மஞ்சளாக ஒரு மணி வந்து நின்றது. கடுகை விடக் கொஞ்சம் பெரியது. அதை ஸ்பூனில் வாங்கி, இன்னொன்றுக்குக் காத்திருந்து, அதையும் வாங்கி, சிரிஞ்சில் உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மில்லியில் பத்தில் மூன்று பங்கு.

"இவ்வளவுதானா?" என்றாள் தாய்.

"அவ வயிறு எவ்வளவு பெருசுன்னு நெனச்சீங்க? இது சீம்பால். இன்னிக்கு அவளுக்கு இது விருந்து. வாய்க்குள்ள ரெண்டு பக்கமும் தடவிட்டு, மிச்சத்தைக் குழாய்ல விடுவோம்."

"இதே மாதிரி சொட்டாவே இருந்துட்டா?"

சிஸ்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த இரண்டு நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்: "கேக்கறப்போ கேக்கறப்போ எடுத்துக்கிட்டே இருந்தா நாளைக்கும் வரும், நாளன்னிக்கு நெறைய வரும். கேக்காம விட்டா, யாருக்கும் வேணாம் போலிருக்குன்னு உடம்பு கடைய மூடிட்டுப் போயிடும். இந்த நாலஞ்சு நாள்தான் முக்கியம்."

மேடை, மைக், பூச்செண்டு எதுவும் இல்லாமல் சொல்லப்பட்டதால் இந்தப் பேச்சைக் குழு கேட்கவில்லை.

சிரிஞ்சுக்கு மூடி போட்டு, ஒரு சின்னப் பையில் வைத்துக் கணவனிடம் கொடுத்தார். "அண்ணே, எனக்கு இங்க இன்னும் பத்து நிமிஷ வேலை இருக்கு. நீங்க முன்னாடி போங்க. ஓடாதீங்க, நிக்காதீங்க, யார்கிட்டயும் பேசாதீங்க."

பதினாறு டன் சிமெண்டை மலைப்பாதையில் இறக்கியவன் அவன். கால் மில்லியை வாங்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது அவன் நடந்த நடையைப் பார்த்தவர்கள், ஏதோ வெடிபொருள் போகிறது என்று வழிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் ஒப்படைத்ததும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து லாரி டிரிப் ஷீட்டை எடுத்தான். எழுதாமல் சரக்கு நகர்த்தி அவனுக்குப் பழக்கமில்லை.

டிரிப் 1. சரக்கு: பால். அளவு: 0.3. வண்டி: கால். புறப்பாடு 4.25. சேர்ந்தது 4.33. சேதம்: இல்லை. பெறுபவர் கையொப்பம்: இதை உள்ளே நீட்டியபோது குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா ஒரு நிமிடம் அவனைப் பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

இப்படி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. சொட்டு சிஸ்டரின் டூட்டி முடிந்தால், அடுத்த டூட்டி நர்ஸிடம் சொல்லி, செய்து காட்டி, அவர் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். 0.2, 0.4, 0.4, 0.5. ஆறாவது டிரிப்பில் 'தாமதம் 4 நிமிடம், காரணம் லிஃப்ட்' என்று ஒரு குறிப்பு. அதன் பிறகு லிஃப்டை அவன் நம்பவில்லை. எல்லா டிரிப்பும் படிக்கட்டுதான்.

பிறகு எங்கிருந்து வந்தது பூஜ்யம்?

குழுவுக்கு ஒரு புள்ளிவிவர அதிகாரி உண்டு. ஐம்பதை நெருங்கிய, நல்ல மனிதர். நல்லவர்களிடம் டேப்லெட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் உதாரணம். ஒவ்வொரு தடவையும் எடுத்த பாலின் அளவைப் பதிவு செய்ய அவர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். நர்ஸ்கள் எண்களைத் தப்பாக அடித்துவிடுவார்கள் என்று பயந்து, அடிக்கவே விடாமல், தொட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாகக் கொடுத்துவிட்டார். பூஜ்யம், பத்து, இருபது, முப்பது, இப்படியே இருநூறு வரை. இருநூறு மில்லி வந்த தாய்மார்கள் வசதியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

0.3 வந்தால் என்ன செய்வது? பத்து என்று போட்டால் பொய். சொட்டு சிஸ்டருக்குப் பொய் எழுத வராது. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு, கீழே 'பிற குறிப்புகள்' என்ற பெட்டியில் உண்மையை எழுதினார். மற்ற நர்ஸ்களையும் அப்படியே எழுதவைத்தார். அந்தப் பெட்டியை எழுதுபவர்களைத் தவிர யாரும் திறந்ததில்லை. அது அச்சில் வராது. குழுவின் முன் வந்த அறிக்கையில், நான்காம் கட்டிலுக்கு நேரே, பதினைந்து பூஜ்யங்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நின்றன.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு, கூட்டம் முடிந்த கையோடு, அதிகாரி நேரே கட்டிலுக்கு வந்தார். ஆறுதல் சொல்லத்தான்.

"அம்மா, மனச விட்டுடாதீங்க. பால் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. உங்க மேல தப்பே இல்ல. நாளைக்குக் காலை எட்டு மணியிலிருந்து பாப்பாவுக்குப் பவுடர் பால், ஆறு பேருக்கு நகல் அனுப்பியாச்சு. யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க, நீங்க நல்லா ஓய்வெடுங்க."

"இல்லைன்னா... கொஞ்சமா இருக்குன்னா?"

"இல்லைம்மா. பூஜ்யம்." அவர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். வரைபடம்கூட இருந்தது. தரையோடு தரையாக ஒரு நீலக் கோடு.

ஒரு மணிக்குச் சிஸ்டர் ஸ்பூனோடு வந்தபோது, தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். கணவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேணாம் சிஸ்டர். எதுக்கு வீணா? ஜீரோவாம்."

"யாரு சொன்னா?"

"கோடு போட்டுக் காட்டிட்டுப் போனாரு. நீங்க எம் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இத்தனை நாள் சும்மா தடவிட்டுப் போயிருக்கீங்க." போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "அவளப் பார்க்கவும் முடியல. தூக்கவும் முடியல. இது ஒண்ணுதான் என்னால முடியுதுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"அப்போ நான் ரெண்டு நாளா என்னத்தத் தூக்கிட்டு நடந்தேன்?" என்றான் கணவன். "காத்தையா?"

சிஸ்டர் வாதம் செய்யவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். "திரும்புங்க. ஒரே ஒரு தடவை. அப்புறம் நீங்களே பாருங்க."

அழுகையோடுதான் திரும்பினாள். அழுதால் பால் சீக்கிரம் இறங்காது. அதனால் கால் மணி நேரம் ஆயிற்று. சிஸ்டர் தன் மணிக்கட்டுக் கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பிறகு நிரம்பிய சிரிஞ்சுகளைத் தாயின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "படிங்க. நீங்க படிக்காத எடையா?"

"ரெண்டு... ரெண்டரை இல்ல. ரெண்டே கால் இல்ல. ரெண்டு புள்ளி ரெண்டு."

"அதுதான்."

"இத எழுதினீங்களா?"

"எழுத இடமில்ல. பூஜ்யத்துக்கு அப்புறம் பத்துதான் இருக்கு."

தாய் சிரிஞ்சைப் பார்த்தாள். பிறகு அந்தச் சோர்ந்த முகத்தில், ஓரமாக நிறுத்தச் சொல்லும்போது வருகிற பார்வை வந்தது. கணவனுக்கு அது நன்றாகத் தெரியும். தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனான்.

"சிஸ்டர், எங்க மேடை இருபது இருபது கிலோவாத்தான் ஏறும். தினம் ஒரு பூனை வந்து அதுல படுக்கும். திரையில ஜீரோ. வயித்துல நாலு குட்டியோட படுத்துச்சு, அப்பவும் ஜீரோ. குட்டி போட்டு அஞ்சுமா படுத்துச்சுங்க, அப்பவும் ஜீரோதான்." மூச்சு வாங்கினாள். "அதுக்காகப் பூனையே இல்லைன்னு நான் சீட்டு அடிக்கலியே. நான்... நானே போய் அந்தக் கோட்டப் பார்த்து அழுதிருக்கேன் பாருங்க."

"சரி, இத அனுப்பலாமா? ஆறிடப் போகுது," என்றார் சிஸ்டர்.

கணவன் அதற்குள் வாசலில் இருந்தான்.

"நாளைக்கு எட்டு மணிக்கு மேல வர விட மாட்டாங்களாமே?" என்றாள் தாய்.

"டீ குடிக்கப் போறேன்னுட்டு வருவேன். ஆனா ஒரு நாளைக்கு எட்டு டீ குடிச்சா சந்தேகப்படுவாங்க." சிஸ்டர் ஸ்பூனைத் துடைத்தார். "பவுடர் ஒண்ணும் விஷமில்ல. வேற வழி இல்லாதவங்களுக்கு அதுதான் வழி. உங்களுக்கு வழி இருக்கு. அஞ்சு மணிக்கு அந்தக் குழுவோட தலைவர் ரவுண்ட்ஸ் வருவார். உங்களுக்குத் தெம்பிருந்தா அவர்கிட்டக் கேளுங்க."

ஐந்து மணிக்குத் தலைவர் வந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒன்பது பேர். கடைசியாக நோயாளிகளைப் பரிசோதித்து எத்தனையோ வருஷமாகியும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தது.

"வருத்தப்படாதீங்கம்மா. இயற்கை கைவிட்டா விஞ்ஞானம் கைகொடுக்கும்."

"சார், ஒரே ஒரு சந்தேகம். உங்க டேப்லெட் எத்தனை எத்தனையா ஏறும்?"

தலைவருக்குக் கேள்வி புரியவில்லை. அதிகாரிக்குப் புரிந்தது. "பத்து பத்தா ஏறும்மா. உலகத் தரம்."

"ஒன்பதரை வந்தா?"

"பூஜ்யம். கீழ்நோக்கி முழுமையாக்குவோம்."

"சார், உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க." தலைவர் கொடுத்தார். தங்க முனை, விருதோடு வந்தது. "இத எங்க எடை மேடையில வச்சா ஜீரோ காட்டும். சார்கிட்டப் பேனாவே இல்லைன்னு சீட்டு அடிச்சு, முத்திரை குத்தி, ஆறு பேருக்கு நகல் அனுப்பட்டுமா?"

பின்னால் யாரோ சிரித்தார். தலைவர் திரும்பியதும் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

"அது லாரிக்கான கருவிம்மா," என்றார் தலைவர்.

"ஆமா சார். இதுவும் லாரிக்கான கருவிதான். என் பொண்ணு ஆயிரத்து நானூறு கிராம். சரி, நீங்களே ஏறி நில்லுங்க. எண்பதுன்னு காட்டும்."

"எண்பதா? நான் எழுபத்திமூணுதான்!"

"மேடை எண்பதுன்னுதான் சொல்லும் சார். மேடை சொன்னா சொன்னதுதான்."

தலைவர் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மில்லியில் புரியாதது கிலோவில் புரிந்தது.

கணவன் டிரிப் ஷீட்டை நீட்டினான். சிமெண்ட் தூசி படிந்த தாள், நாலாக மடித்தது. பதினேழு வரிகள். நாலு மணி டிரிப்தான் கடைசி: 2.6. சேதம்: இல்லை, இல்லை, இல்லை. கீழே கூட்டல்: 18.1. ஒவ்வொரு வரியிலும் பெற்றுக்கொண்ட கையொப்பம்.

தலைவர் மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார். உயர்மட்டக் குழுவின் பதினோரு கூட்டங்களில் அவர் முழுசாகப் படித்த முதல் ஆவணம் அது. "இவ்வளவு சின்னதுல தொடங்கி இப்படி ஏறுது," என்று தனக்குள் சொன்னார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, பழைய குரலுக்குத் திரும்பினார். "இதை ஏன் முன்னாடியே தெரிவிக்கல?"

"தெரிவிச்சிருக்கேன் சார். பிற குறிப்புகள்ல. பதினேழு தடவை."

அதிகாரி அந்தப் பெட்டியைத் தொட்டார். அது திறக்கும் என்பது அவருக்கே ஒரு செய்திதான். வரிசையாகப் பதினேழு குறிப்புகள் விழுந்தன. கடைசியில்: '2.6. தாய் இன்று அழுதார். பிறகு கணக்குக் கேட்டார். நல்ல அறிகுறி.'

அவர் முகம் சிறுத்துவிட்டது. "நான் நாளைக்கே இதை மாத்திடறேன்மா," என்றார். மெய்யாகவே நினைத்துத்தான் சொன்னார்.

அன்று மாலையே பன்னிரண்டாவது கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டு, நான்காம் கட்டிலின் பெண்ணுக்குப் பால் உண்டு என்று, இரண்டு நாள் முன்தேதியிட்டுத் தீர்மானிக்கப்பட்டது. பவுடர் பால் உத்தரவு ரத்து. நர்ஸின் போக்குவரத்துக்கு அனுமதி. ஒரே நாளில் இரண்டு தடவை பால் விஷயத்தில் ஒருமனதாக இருந்த குழு உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

ஐந்தாம் நாள் ஒரு தடவைக்குப் பதினொன்று வந்தது. டேப்லெட்டில் நீலக் கோடு திடுமென்று தரையிலிருந்து எழும்ப, அற்புதம் நிகழ்ந்துவிட்டது என்று அதிகாரி ஓடி வந்தார். சிஸ்டர், "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பூனை வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார். தாய் அதற்குள் தானே எடுக்கக் கற்றிருந்தாள். நடுக்கம் நின்ற கையில் கிண்ணம் அசையாது. லாரியை மேடையின் நடுவில் நிறுத்தவைக்கும் அதே பொறுமை.

ஒன்பதாம் நாள் சக்கர நாற்காலியில் நானூற்றுப் பன்னிரண்டு அடியும் போனாள். லிஃப்ட் அன்றைக்கு உடனே திறந்தது. கணவன் அதை மன்னிக்கவில்லை. மூன்றாம் மாடியில் குழந்தையை எடுத்துத் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு, மேலே துணியைப் போர்த்தினார் சிஸ்டர். தாய் முதலில் சொன்னது: "இவ்வளவுதானா?"

"முதல் நாள் பாலப் பார்த்தும் இதத்தான் கேட்டீங்க," என்றார் சிஸ்டர்.

இருபத்திரண்டாம் நாள் குழந்தை முதல்முறையாகத் தானே வாய் வைத்துக் குடித்தது. நாலு உறிஞ்சு, ஒரு ஓய்வு, மூன்று உறிஞ்சு. படம் எடுக்கக் குழு வந்தபோது சிஸ்டர் திரையை இழுத்து மூடி, "சத்தம் போட்டா விட்டுடுவா சார்" என்று தலைவரைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திவிட்டார். தலைவரை ஒருவர் ஓரமாக நிறுத்தியது அதுவே முதல் தடவை. அவரும் நின்றார், சத்தமில்லாமல், இருபது நிமிடம்.

கணவன் பெஞ்சில் உட்கார்ந்து டிரிப் ஷீட்டை எடுத்தான். இத்தனை நாளில் ஆறு தாள் நிரம்பியிருந்தன. கடைசி வரியில் எழுதினான்: சரக்கு நேரடியாக ஏறுகிறது. வண்டி தேவையில்லை.

தலைவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, கூட்ட அறைச் சுவரில் மாட்டினார். கீழே பித்தளைத் தகட்டில்: 'ஒவ்வொரு சொட்டும் கணக்கில் வரும்.' திறப்பு விழாவில் நாற்பது நிமிடம் பேசினார். படிவத்தைத் திருத்த ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

பட்டியலில் பூஜ்யத்துக்கு அடுத்து இன்னும் பத்துதான் இருக்கிறது.